வாசனைப்புல்: நடும் முன்னே வடிக்கும் வழி பாருங்கள்

வியர்வை நாற்றத்தைப் போக்கும் சோப்புக்கும் பவுடருக்கும் வாசனை எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெய் எலுமிச்சைப்புல்லில் இருக்கிறது. ஆகவே புல்லை நட்டால் பணம் வரும். இப்படி ஒரு பேச்சு மானாவாரி நிலமுள்ள கிராமங்களில் அவ்வப்போது எழுவதுண்டு. இதில் முதல் இரண்டு கூற்றுகளும் உண்மையே. மூன்றாவதில்தான் சிறு விவசாயி ஏமாந்து போகிறார். புல்லுக்கும் பணத்துக்கும் நடுவில் ஒரு வடிகலனும், ஒரு பரிசோதனைச் சீட்டும், வாங்குகிற ஒரு கையும் இருக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாமல் நட்ட புல், மாட்டுக்கும் ஆகாமல் சந்தைக்கும் ஆகாமல் வரப்பிலேயே காயும்.

வாசனைப் பயிர்களை ஒதுக்க வேண்டியதில்லை. எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்ய வேண்டும் என்ற வரிசையைத்தான் உழவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாற்றம் எங்கிருந்து வருகிறது?

வியர்வைக்கென்று தனியாக நாற்றம் கிடையாது. உடம்பு முழுவதும் உள்ள வியர்வைச் சுரப்பிகளிலிருந்து வருவது பெரும்பாலும் நீரும் உப்பும்தான். அக்குளிலும் தொடை இடுக்கிலும் வேறொரு வகைச் சுரப்பிகள் உண்டு. அவை பருவ வயதில்தான் வேலை செய்யத் தொடங்குகின்றன. அவற்றிலிருந்து கொழுப்பும் புரதமும் கலந்த நீர் கசிகிறது. இதுவும் கசிகிறபோது நாறுவதில்லை. தோலின் மேல் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் இதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது.

மாட்டுத் தொழுவத்தை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். கோமியம் விழுந்தவுடன் மூக்கைத் துளைப்பதில்லை. சிறிது நேரம் கிடந்து, நுண்ணுயிர்கள் அதிலுள்ள யூரியாவைச் சிதைத்த பிறகே அம்மோனியா வாடை கிளம்புகிறது. அக்குளிலும் நடப்பது இதுதான்.

இந்த வேலையைச் செய்பவை முக்கியமாகக் கொரினிபாக்டீரியம், ஸ்டேஃபைலோகாக்கஸ் என்ற இரு இனங்கள். ஸ்டேஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் என்ற பாக்டீரியா எந்த நொதியைக் கொண்டு கந்தகம் கலந்த நாற்றப் பொருளை உண்டாக்குகிறது என்பதை இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2020-ல் விளக்கிக் காட்டினார்கள். சிலருடைய அக்குளில் வெங்காய வாடை வீசுவதற்குக் கந்தகமே காரணம்.

எண்ணெய் என்ன செய்கிறது?

எலுமிச்சைப்புல் எண்ணெயில் 75 முதல் 85 சதவீதம் சிட்ரல் என்ற பொருள் இருக்கிறது. பாமரோசாப்புல் எண்ணெயில் முக்கால் பங்குக்கு மேல் ஜெரானியால். ஓம எண்ணெயில் தைமால். கிராம்பு எண்ணெயில் யூஜினால். இவை யாவும் பாக்டீரியாவைச் சுற்றியுள்ள மெல்லிய கொழுப்புச் சவ்வில் கரைந்து அதைச் சீர்குலைக்கின்றன. சவ்வு கெட்டால் உள்ளே இருப்பது வெளியே கசிந்து பாக்டீரியா மடிகிறது. குடலில் வாழும் பல பாக்டீரியாக்களுக்கு இருப்பது போன்ற வெளிச்சவ்வு அக்குளில் வாழும் மேற்சொன்ன இரு இனங்களுக்கும் கிடையாது. ஆதலால் குடலில் வாழும் பல பாக்டீரியாக்களைவிட இவை வாசனை எண்ணெய்களுக்கு எளிதில் பணிகின்றன.

நம் வீடுகளில் வெட்டிவேர், பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ ஆகியவற்றைப் பாசிப்பயற்றுடன் அரைத்து நலங்குமாவாகத் தேய்த்துக் குளித்த பழக்கம் வெறும் மணத்துக்காக மட்டும் ஏற்பட்டதல்ல. மாவு அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்கிறது. வேரிலும் கிழங்கிலும் உள்ள எண்ணெய் கிருமிகளை ஓரளவு அடக்குகிறது.

ஆனால் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஆய்வுக்கூடத் தட்டில் கிருமியைக் கொல்லும் எண்ணெய், வெயிலில் உழைக்கும் மனிதனின் தோலில் அதே அளவுக்கு வேலை செய்யும் என்று கொள்ள முடியாது. வாசனை எண்ணெய் காற்றில் பறந்துவிடும் தன்மையுடையது. கிருமிகளோ சில மணி நேரத்தில் மீண்டும் பெருகிவிடும். தினமும் சோப்புப் போட்டுக் குளிப்பது, அக்குளை ஈரமில்லாமல் துடைப்பது, துவைத்து வெயிலில் உலர்த்திய பருத்தி உடுப்பு ஆகிய மூன்றும்தான் அடிப்படை. எண்ணெய் இவற்றுக்குத் துணை. இவற்றுக்கு மாற்று அல்ல.

மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. வடித்த எண்ணெயை அப்படியே தோலில் தடவக் கூடாது. எரிச்சலும் கொப்புளமும் வரலாம். சிட்ரல், ஜெரானியால், யூஜினால் ஆகியவை சிலருக்குத் தோல் ஒவ்வாமை உண்டாக்கும் பொருள்கள். ஐரோப்பிய நாடுகள் 2003-ல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இவை சேர்ந்திருந்தால் பெயரை மேலுறையில் அச்சிட்டாக வேண்டும். தடவி அப்படியே விட்டுவிடும் களிம்புக்கு அங்கே கட்டுப்பாடு அதிகம். தேய்த்துக் கழுவிவிடும் சோப்புக்குக் குறைவு. இயற்கையில் விளைந்தது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது என்பது பூச்சிமருந்துக் கரைசல் தயாரித்துப் பழகிய உழவர்களுக்குப் புதிய செய்தியல்ல.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

நல்ல பராமரிப்பும் பாசனமும் இருந்தால் எலுமிச்சைப்புல் ஏக்கருக்கு ஆண்டில் சுமார் 10 டன் பச்சைப்புல் தரும். நட்ட 90 நாளில் முதல் அறுவடை. பிறகு ஏறக்குறைய 60 நாளுக்கு ஒரு முறை. பசும்புல்லில் எண்ணெய் 100-க்கு அரைப் பங்குகூடத் தேறாது. 0.4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 10 டன் புல்லில் 40 கிலோ எண்ணெய் கிடைக்கும். மானாவாரியில் இதைவிடக் குறையும்.

இப்போது சோப்புப் பக்கம் வருவோம். 100 கிராம் எடையுள்ள ஒரு சோப்புக் கட்டியில் ஒரு கிராம் எண்ணெய் சேர்ப்பதாகக் கொள்வோம். ஒரு கிலோ எண்ணெய் 1,000 கட்டிகளுக்குப் போதும். ஒரு ஏக்கரின் 40 கிலோ எண்ணெய் 40,000 கட்டிகளுக்கு வரும். ஒரு கிராமத்தில் 25 ஏக்கரில் நட்டால் 1,000 கிலோ எண்ணெய். அது 10 லட்சம் கட்டிகளுக்குப் போதும்.

நகரத்தில் இயற்கைச் சோப்புக்கு மவுசு கூடியிருக்கிறது என்பது மெய்தான். ஆனால் மவுசு கூடுகிற அளவுக்கு எண்ணெய் தேவைப்படுவதில்லை என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. சோப்புக்காரருக்கு வேண்டியது துளிகள். உழவர் விளைவிப்பதோ வண்டி வண்டியாகப் புல். இந்த இடைவெளியை உணராமல் ஊரெல்லாம் நட்டால், விற்பவர்கள் பலராகவும் வாங்குபவர் ஒருவராகவும் ஆகிவிடும். அப்போது விலையைச் சொல்பவர் யார் என்று விளக்க வேண்டியதில்லை.

நாமே சோப்புச் செய்து விற்றால் என்ன என்று சிலர் கேட்கலாம். வீட்டுத் தேவைக்குச் செய்துகொள்வது வேறு. விற்பனைக்குச் செய்யும் குளியல் சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள். 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்படி அதைத் தயாரிக்க உரிமம் வேண்டும். இரண்டு நாள் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் கொடுப்பவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட்டால் நல்லது.

கலன் முதலில், கன்று பிறகு

நெல்லை அறுத்து நாலு மாதம் வைத்து விற்கலாம். எலுமிச்சைப்புல்லை நாலு நாள் குவித்து வைத்தாலும் கெட்டது. அறுத்த புல்லை ஒரு நாள் நிழலில் வாடவிட்டால் ஈரம் குறைந்து கலனில் கூடுதலாகப் பிடிக்கும். அதற்கு மேல் குவியலாகக் கிடந்தால் சூடேறிப் புளித்து எண்ணெயின் மணம் மாறிவிடும். ஒரு டன் புல்லை 50 கிலோமீட்டர் தூரம் லாரியில் ஏற்றிச் செல்வதென்றால், அதில் 4 கிலோ எண்ணெய்க்காக 996 கிலோ நீருக்கும் நாருக்கும் வாடகை கொடுக்கிறோம் என்று பொருள். ஆகவே எண்ணெய் வடிக்கும் கலன் வயலுக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

நீலகிரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. யூகலிப்டஸ் மரம் அங்கே 1843-ல் நடப்பட்டது. பிற்பாடு இலை உதிரும் சோலைகளுக்கு அருகிலேயே சிறு சிறு கொட்டகைகளில் கலன் வைத்துத் தைலம் வடிக்கும் தொழில் வளர்ந்தது. கீழே கிடக்கும் இலையைக் கூட்டி எடுத்து அங்கேயே வடித்தார்கள். மலை பார்க்க வருபவர்கள் அங்கேயே வாங்கிப் போனார்கள். இலை, கலன், வாங்குபவர் ஆகிய மூன்றும் அருகருகே அமைந்ததால்தான் அந்தத் தொழில் வேரூன்றியது.

ஒரு தடவைக்கு 500 கிலோ புல் பிடிக்கும் கலனில் நீராவி விட்டு வடிக்க இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகும். நாளுக்கு மூன்று தடவை வடித்தால் ஒன்றரை டன். ஓர் ஏக்கரில் ஓர் அறுவடைக்குக் கிடைக்கும் இரண்டரை டன்னை இரண்டு நாளுக்குள் முடித்துவிடலாம். அறுவடைக்கு அறுவடை 60 நாள் இடைவெளி இருப்பதால், முறை வைத்து அறுத்தால் ஒரே கலன் 25 ஏக்கருக்குப் போதும். மழைக்கும் பழுதுக்கும் சில நாள் மிச்சமும் இருக்கும். ஆளுக்கு ஓர் ஏக்கர் என்றால் 25 குடும்பங்கள். தனி ஒருவர் இரண்டு ஏக்கருக்காகக் கலன் வாங்கினால் அது வருடத்தில் பெரும்பாலான நாள் சும்மா கிடக்கும்; கடனுக்கு வட்டி மட்டும் சும்மா கிடக்காது.

பண்டைய நாளில் ஏரி நீரை முறை வைத்துப் பாய்ச்சினார்கள். கலனையும் அப்படியே முறை வைத்து ஆள வேண்டும். யார் நிலம் என்றைக்கு அறுப்பு, விறகு யார் பொறுப்பு, வடித்த எண்ணெயை யார் அளந்து எழுதுவது என்பதையெல்லாம் கன்று நடுவதற்கு முன்பே பேசி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அறுவடை நாளன்று பேசத் தொடங்கினால் சண்டைதான் விளையும்.

தொலைவில் இருக்கும் தொழிற்சாலை

கேரளத்து மலைகளில் எலுமிச்சைப்புல் எண்ணெய் பல்லாண்டுக் காலம் பெரிய ஏற்றுமதிச் சரக்காக இருந்தது. கொச்சித் துறைமுகம் வழியே சென்றதால் வெளிநாட்டில் அதற்குக் கொச்சி எண்ணெய் என்றே பெயர். வைட்டமின் ஏ தயாரிக்க அதிலுள்ள சிட்ரல் பயன்பட்டது. இந்தப் பயிருக்காகவே 1951-ல் ஓடக்காலியில் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இன்று பலரும் பயிரிடும் சுகந்தி என்ற ஓ.டி.19 ரகம் அங்கிருந்து வந்ததே. ஆனால் சிட்ரலைத் தொழிற்சாலையில் வேதிப் பொருள்களிலிருந்து செய்யும் முறை வந்த பிறகு அந்தப் பழைய செல்வாக்கு சரிந்தது.

அந்தத் தொழிற்சாலைகளின் பலம் எவ்வளவு என்பதை ஒரு நிகழ்ச்சி காட்டும். ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபென் நகரில் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தின் சிட்ரல் பிரிவில் 2017 அக்டோபர் இறுதியில் தீப்பிடித்தது. அந்த ஒரு பிரிவு நின்றதால் சிட்ரலும், அதிலிருந்து செய்யப்படும் பல வாசனைப் பொருள்களும் உலகச் சந்தையில் மாதக்கணக்கில் தட்டுப்பாடாயின. அங்கே தீப்பிடித்தால் இங்கே புல்லுக்குக் கிராக்கி. அங்கே கொதிகலன் மீண்டும் எரிந்தால் இங்கே கிராக்கி அடங்கும். ஆகவே ஏதோ ஒரு வருடத்து உயர்ந்த விலையைக் காட்டி, ஏக்கருக்கு இத்தனை லட்சம் என்று கணக்குப் போடுபவரை நம்பி நஞ்சையையும் தோட்டக்காலையும் மாற்றிவிடக் கூடாது.

கன்று விற்பவரே எண்ணெயையும் வாங்கிக்கொள்வார் என்ற வாய்வாக்கும் ஆபத்தானது. கன்றுக்கு முன்பணம் வாங்கியவர் அறுவடை நாளில் தட்டுப்படாமல் போன கதை எந்தப் பயிருக்கும் உண்டு. வாங்குவதாகச் சொல்பவர் எந்தத் தரத்துக்கு, என்ன விலைக்கு, எத்தனை நாளில் பணம் தருவார் என்பது கையெழுத்துடன் எழுத்தில் இருக்க வேண்டும். எழுதித் தர மறுப்பவரிடம் கன்று வாங்கவும் வேண்டாம்.

கற்றுக்கொடுப்பவர்களின் கடமை

பழியை உழவர் மேலும் தரகர் மேலும் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. நடவு இடைவெளி, உர அளவு, அறுவடைக் காலம் ஆகியவற்றைச் சொல்லிக்கொடுத்துச் செயல்விளக்கத் திடல் ஒன்று போட்டுக் காட்டினால் வேலை முடிந்தது என்று வேளாண் விரிவாக்கப் பணியில் உள்ளவர்கள் எண்ணுவது தவறு. வாசனைப் பயிரில் பாதி விவசாயம் வயலுக்கு வெளியே நடக்கிறது. கலன் இல்லாத ஊரில் எலுமிச்சைப்புல் செயல்விளக்கம் போடுவது, கிணறில்லாத ஊரில் கரும்பு நடச் சொல்வது போன்றது.

இரண்டு உதவிகள் கிடைத்தால் சிறு விவசாயி தன் காலில் நிற்பார். முதலாவது, வாடகைக்கு உழவு இயந்திரமும் கதிரடிக்கும் இயந்திரமும் கிடைப்பது போல், பயிர் உள்ள வட்டாரங்களில் வாடகைக்கு வடிகலன் கிடைக்க வேண்டும். இரண்டாவது, எண்ணெயில் சிட்ரல் எத்தனை சதவீதம் என்று சோதித்துச் சீட்டுக் கொடுக்கும் வசதி குறைந்த கட்டணத்தில் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பால் ஊற்றப் போகும்போது கொழுப்பு அளவு பார்க்காமல் விலை பேசுவதுண்டா? எண்ணெய்க்கும் அதே நியாயம் வேண்டும். சீட்டு இல்லாத எண்ணெய்க்கு வாங்குபவர் சொன்னதே தரம். அவர் சொன்னதே விலை.

உழவர்கள் செய்ய வேண்டியவை

முதலில் வரப்பு, சரிவு, வேறு பயிர் ஏறாத மேட்டுநிலம் ஆகியவற்றில் சிறிதாகத் தொடங்கலாம். எலுமிச்சைப்புல் வறண்ட சரிவிலும் வளரும். மண்ணையும் பிடித்து வைக்கும். ஆடு மாடுகள் வழக்கமாக இதைக் கடிப்பதில்லை. நீர் தேங்கும் நிலம் மட்டும் ஆகாது. சோற்றுக்கு விளையும் நிலத்தில் கை வைக்க வேண்டாம்.

ஒருமுறை நட்டால் ஐந்தாறு ஆண்டு நிற்கும் பயிர் இது. ஆகவே ரகம் தெரிந்த கன்றையே வாங்க வேண்டும். பெயர் தெரியாத தூர்களை மலிவாகக் கிடைக்கிறது என்று நட்டால் அத்தனை ஆண்டும் நட்டம் தொடரும். தரையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு, மழையில்லாத நாளில் அறுக்க வேண்டும்.

துருப்பிடித்த இரும்புத் தகரத்தில் வடித்த எண்ணெய் நிறம் மாறிவிடும். துருப்பிடிக்காத எஃகுக் கலனே நல்லது. புல்லை நீரில் மூழ்கவிட்டு அடியில் தீ மூட்டினால் கருகல் வாடை ஏறும். நீராவியில் வடிப்பதே முறை. வடித்த எண்ணெயில் நீர்த்துளி நிற்கக் கூடாது. நீரைப் பிரித்து, நீரற்ற சோடியம் சல்பேட் சேர்த்து வடிகட்டி, கழுத்துவரை நிரப்பி, அலுமினியம் அல்லது எஃகுப் பாத்திரத்தில் வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். பாதி காலியாக உள்ள பாத்திரத்தில் காற்றுப் பட்டுச் சிட்ரல் குறைந்துபோகும். வடித்து மிஞ்சிய புல்லை உலர்த்தினால் அடுத்த தடவைக்கு அதுவே விறகு.

கடலூர்க் கடற்கரை மணலில் வெட்டிவேர் பயிரிடுபவர்களுக்கும் இதே வரிசை பொருந்தும். வேர் என்பதால் உலர்த்தி வைத்து விற்க முடிகிறது. அது ஒரு வசதி. ஆனால் வேரிலிருந்து எண்ணெய் இறங்க ஒரு நாள் முழுதும்கூட எரிக்க வேண்டும் என்பதால் விறகுச் செலவை முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

வியர்வை சிந்தி உழைப்பவரின் நிலத்தில் விளைவது, வியர்வை நாற்றத்தைப் போக்கும் பொருளாக நகரத்துக்குப் போகிறது. அதில் தவறில்லை. புல்லாகப் போனால் உழவருக்குக் கூலி மிஞ்சுவதே அரிது. சோதித்துச் சீட்டு ஒட்டிய எண்ணெயாகப் போனால் விலை பேசும் இடத்தில் அவரும் அமர்வார். ஆகவே இந்தப் பருவத்தில் கன்றுக்கு முன்பணம் கொடுக்க எண்ணியிருக்கும் உழவர்கள், அந்தப் பணத்தை முடிச்சில் வைத்துக்கொண்டு, முதலில் ஊரில் 25 பேரைக் கூட்டிக் கலனைப் பற்றிப் பேசட்டும். கூட்டம் சேர்ந்தால் புல் நடலாம். சேராவிட்டால் வரப்பில் நாலு தூர் நட்டு, வீட்டுக்கு வேண்டிய மணத்தோடு நிறுத்திக்கொள்வதே லாபம்.